எழுத்துக்கு ஒரு சொல்

இரைச்சலுக்கு நடுவே வானொலியில் 'பி' என்றால் 'டி' என்று காதில் விழும். 'எம்' என்றால் 'என்' என்று கேட்கும். விமானிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே அப்படி ஓர் எழுத்து பிசகினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்தார்கள். பல மொழி பேசுவோரிடமும் சோதித்துப் பார்த்து, 1956-இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. உலகப் போர் ஓயுமுன்பே, 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் பிறந்தது அது. எவ்வளவு தொலைநோக்கு! தலைமையகம் கனடாவின் மான்ட்ரியல். இன்று 193 உறுப்பு நாடுகள். இந்திய விமானங்களின் உடலில் 'வி.டி.' என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். உலகின் எந்த விமான நிலையத்திலும் அதைச் சொல்வது ஒரே மாதிரிதான்: "விக்டர் டாங்கோ".