பார்ஸலில் என்ன இருக்கிறது?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, தமிழ் ஜைனர்களின் தலைமை மடம் விளங்கும் ஊர் மேல்சித்தாமூர். அவ்வூர் முதிய நயினார் ஒருவர் சென்ற மாதம் ஒரு மூட்டையுடன் நம்மிடம் வந்தார். ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் மகனுக்குக் கூரியரில் அனுப்ப வேண்டுமாம்.

"வாத்தியாரையா, காகிதம் மட்டும் எழுதிக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

காகிதந்தான் எல்லாம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? அயல்நாட்டுச் சுங்க அதிகாரி முதலில் பார்ப்பது மூட்டையை அல்ல, அதனுடன் வரும் காகிதத்தைத்தான். 'ஏர்வே பில்' என்னும் சரக்குச் சீட்டு, அனுப்புபவருக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம். அத்துடன் இன்வாய்ஸும், அடையாளச் சான்றின் நகலும் வேண்டும். தபாலில் அனுப்பினால் சி.என். 22 அல்லது 23 என்ற சுங்கப் பத்திரம். 1874-ல் பெர்ன் நகரில் தோன்றிய உலகத் தபால் சங்கம் வகுத்த வடிவம் அது.

"பரிசுக்கு விலைப்பட்டியல் எதற்கு?" என்று கேட்பவர் பலர். பரிசானாலும் பொருளுக்கு விலை உண்டு. சூனியம் என்று எழுதினால் சுங்கக்காரர் ஒப்பமாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில், தனி மனிதர் தனி மனிதருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரை தீர்வையின்றிச் செல்லும். 'வீட்டுச் சாமான்' என்று மொத்தமாக எழுதுவது தொல்லைக்கு வித்து. பொருள், எண்ணிக்கை, எடை, விலை, உற்பத்தியான நாடு எல்லாம் தனித்தனியே வேண்டும். தடுக்கப்பட்ட பொருள் எதுவும் உள்ளே இல்லை என்ற உறுதிமொழியின் கீழ்க் கையொப்பம்.

நாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். வேட்டி இரண்டு, எள்ளுப்பொடி அரைக் கிலோ, புதிய பித்தளை விளக்கு ஒன்று.

"அப்புறம்?"

நயினார் தயங்கித் துணியை விலக்கினார். பாட்டனாரின் பாட்டனார் ஓதிய ஓலைச் சுவடி! "பழைய ஓலை என்று எழுதிவிடுங்கள் ஐயா. பையன் ஆசையாகக் கேட்கிறான்."

நமக்குக் கை ஓடவில்லை. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, சரித்திர அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 வயது நிரம்பினால் அது தொல்பொருள், ஏனையவற்றுக்கு 100. மத்திய சர்க்காரோ, அது அதிகாரமளித்த ஸ்தாபனமோ தவிர வேறெவரும் அதை அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது. மீறினால் சிறை.

"என் வீட்டு ஏட்டை என் பிள்ளைக்கு அனுப்ப எனக்குப் பாத்தியதை இல்லையா?" என்றார். அவர் குரல் கம்மியது.

நியாயமான கேள்வி. ஏட்டை வீட்டில் வைத்துக்கொள்ள யாதொரு தடையும் இல்லை, நாட்டை விட்டுப் போகத்தான் தடை என்று விளக்கினோம். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதற்குக் கும்பகோணத்து ஜைன அன்பர்களின் விளக்கம் எவ்வளவு துணை நின்றது என்பதையும் சொன்னோம். அவர் மனம் ஆறியதாகத் தெரியவில்லை.

மறுநாள் நம் மாணவன் ஒருவன் கைபேசியுடன் போய் ஓலைகளைப் படம் எடுத்தான். அவன் ஓலையைத் தொட நயினார் விடவில்லை. ஒவ்வொன்றையும் தாமே புரட்டினார். படங்கள் அன்றிரவே ஜெர்மனி போய்ச் சேர்ந்தன.

பத்திரத்தில் மூன்றே வரிகள் நின்றன. கையெழுத்திடும் முன் நயினார் ஒரு சந்தேகம் கேட்டார்: "விளக்குக்குக் கடைக்காரன் சொன்ன விலையா, நான் பேரம் பேசிக் கொடுத்த விலையா?"

கொடுத்த விலையையே எழுதினோம்.