இணையம் உண்டோ என்னும் வினா

மேசைக் கணினியில் இயங்கும் செய்நிரல் ஒன்று, தன்னிடம் பதியப்பெற்ற விவரங்களைத் தொலைவிலுள்ள சேவையகத்திற்கு அனுப்ப முற்படுமுன், "இணையத் தொடர்பு உண்டா?" என்று அறிய விரும்புதல் இயல்பே. வினா மிகச் சிறிது. விடையும் உண்டு, இல்லை என்னும் இரண்டனுள் ஒன்றாகவே அமையும் என்று எவரும் எண்ணுவர். செய்நிரல் எழுதப் பயிலும் மாணவர் முதலில் தேடுவதும் இவ்விடையைத் தரும் ஒற்றை வரிக் கட்டளையையே. அத்தகைய கட்டளைகள் பல உள. ஆயின், அவை தரும் விடை உண்மையில் எந்த வினாவிற்குரியது என்பதை ஆராய்வார் சிலரே.

இஃது ஏட்டுச் சிக்கலன்று. பரீட்சை விண்ணப்பங்களையும் மாணவர் விவரங்களையும் இணையவழி அனுப்பும் வழக்கம் நம் பாடசாலைகளில் வேரூன்றிவிட்டது. முடிவுத் தினத்தன்று மாலையில் எழுதுவினைஞர் பொத்தானை அழுத்துகிறார் என்று கொள்வோம். திரையில் "இணைப்பு உண்டு" என்னும் பச்சைக் குறி தோன்றுகிறது. அவர் கணினியை அணைத்துவிட்டு வீடு செல்கிறார். விவரம் போய்ச் சேராதிருப்பின், அத்தவறு வெளிப்படுவது அனுமதி அட்டை வராத நாளிலேதான். அன்று துன்புறுபவன் செய்நிரலை எழுதியவன் அல்லன். அக்கணினியை ஒருநாளும் கண்டிராத மாணாக்கன்.

கல்லோயா நீரை நம்பி வேளாண்மை செய்யும் நம் கரையோர விவசாயிக்கு இச்சிக்கல் புதிதன்று. வாய்க்கால் உடையாமல் இருக்கின்றது என்பது ஒரு செய்தி. மேலே மதகு திறக்கப்பட்டது என்பது மற்றொரு செய்தி. தன் கடைசிக் கண்டத்தில் நீர் ஏறிற்று என்பது மூன்றாவது செய்தி. முன்னைய இரண்டும் மெய்யாயிருக்கவும் மூன்றாவது பொய்யாதல் கூடும்; இடையிலே ஒருவன் மடையை மறித்திருப்பான். வட்டை விதானை சொல்லி அனுப்பினாலும், வயலில் இறங்கிப் பார்த்த பின்னரே விவசாயி விதைப்புக்கு நாள் குறிப்பான். கணினிகளுக்குச் செய்நிரல் எழுதுவோரிற் பலர் வாய்க்காலைப் பார்த்தே விதைத்துவிடுகின்றனர்.

வாய்க்காலைப் பார்க்கும் கட்டளைக்கு எடுத்துக்காட்டாக, டொட் நெட் மொழியமைப்பிலே வலையமைப்பு உண்டா என வினவும் கட்டளையைக் கூறலாம். கணினியின் வலையமைப்பு இடைமுகங்களுள் ஏதேனும் ஒன்று விழித்திருந்தால் அது "ஆம்" என்று விடையிறுக்கும். வீட்டு ரவுட்டர் வரை செல்லும் கம்பி பழுதின்றி இருந்தாற் போதும்; ரவுட்டருக்கு அப்பால் உலகமே அற்றுப்போயினும் விடை மாறாது. அதனினும் வேடிக்கை யாதெனின், கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவியிருப்பின் அதற்கென உருவாக்கப்பட்ட கற்பனை இடைமுகமும் "ஆம்" என்னும் விடைக்குப் போதுமானதாகலாம். விண்டோஸ் முறைமையின் பழைய கட்டளைகளுள் ஒன்று, தொலைபேசி வழியே மோடம் இணைத்த காலத்திலிருந்து வழங்கிவருவது. அது "ஆம்" என்றாலும் குறித்த ஒரு சேவையகத்தை அடையலாம் என்பதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே தன் விளக்க ஏட்டில் எழுதி வைத்துள்ளது. விளக்க ஏட்டை வாசிப்போர் தொகை சிறிது என்பது வேறு கதை.

இக்குறையை உணர்ந்தே, விஸ்டா எனப்பட்ட பதிப்பு முதலாக விண்டோஸ் வேறொரு சோதனையைக் கைக்கொண்டது. திரையின் ஓரத்தில் உலக உருண்டையையோ மஞ்சள் முக்கோணத்தையோ காட்டும் குறிக்குப் பின்னால் இருப்பது அதுவே. கணினி, மைக்ரோசொப்டின் சேவையகம் ஒன்றிலிருந்து மிகச் சிறிய எழுத்துக் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கும். அதிலே "மைக்ரோசொப்ட் என்.சி.எஸ்.ஐ." என்னும் சொற்கள் மாத்திரமே இருக்கும், 2016 இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து வேறு முகவரியும் வேறு சொற்களும் வந்தன. அத்துடன் குறித்த ஓர் ஆள்களப் பெயரை வினவி, 131.107.255.255 என்னும் எண் விடையாக வருகின்றதா என்றும் பார்க்கும். எதிர்பார்த்த சொல்லும் எதிர்பார்த்த எண்ணும் வந்தால் இணையம் உண்டு என்று முடிவு செய்யும்.

சொற்களையே ஒப்பிட்டுப் பார்ப்பது ஏன்? விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் வைபை இணைப்பைப் பெறுவோர், எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் முதலில் அந்நிறுவனத்தின் அனுமதிப் பக்கமே வந்து நிற்பதை அறிவர். ஏதோ ஒரு விடை வந்தது என்று மட்டும் பார்க்கும் செய்நிரல் அங்கே ஏமாறும். அன்ட்ரொயிட் கைபேசிகள் இதே நோக்கத்திற்காக, உள்ளடக்கம் எதுவுமற்ற 204 என்னும் விடைக் குறியீட்டை எதிர்பார்க்கின்றன. இத்தகைய வாயில்கள் தம்மை நேர்மையாக அறிவிக்கட்டும் என்று 2012 இல் 511 என்னும் தனிக் குறியீடும் வகுக்கப்பட்டது.

"பிங்" என்னும் கருவியைப் பலர் உரைகல்லாகக் கொள்வர். அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய மைக் மூஸ் என்பார் 1983 டிசெம்பரில் இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே இதற்குப் பெயராயிற்று. பழுது தேடுவோர்க்கு இன்றளவும் இது சிறந்த கருவியே. ஆயினும் அலுவலக வலையமைப்புகள் பல இதன் அழைப்பைப் பாதுகாப்புக் கருதி வாயிலிலேயே தள்ளிவிடுகின்றன. தள்ளாவிடினும், கூகிளின் சேவையகம் விடையிறுத்தமை கூகிள் விழித்திருப்பதற்கே சான்றாகும். நாம் விவரம் அனுப்ப வேண்டிய சேவையகம் உறங்குவதை அது எங்ஙனம் அறியும்?

இவ்விடத்தே நம் நாட்டு நிகழ்ச்சிகள் சில நல்ல பாடம் புகட்டுகின்றன. 2018 மார்ச் மாதத்திற் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளை அடுத்தும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் பேஸ்புக், வட்ஸ்அப் முதலிய சமூக ஊடகங்களுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கப்பட்டது. தடை அவற்றிற்கே, ஏனைய இணையம் இயங்கிற்று. அந்நாட்களில் ஒரு கணினியிடம் இணையம் உண்டா என்று கேட்டிருப்பின், மைக்ரோசொப்டை நோக்கிய சோதனை "உண்டு" என்றே கூறியிருக்கும். தன் பிள்ளையின் குரலைக் கேட்க வட்ஸ்அப்பைத் திறந்த தாய்க்கோ இணையம் இல்லை. இரு விடைகளும் மெய்யே, வினாக்கள்தாம் வேறு. 2004 ஆகஸ்டில் கொழும்புக்கு அண்மைக் கடலிற் கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியபோது நிகழ்ந்தது இதன் மறுபக்கம். வீட்டுக் கம்பியிற் பழுதில்லை. நாட்டின் வாயிலிலேயே வழி அடைபட்டது.

இல்லாததை உண்டு என்றல் மாத்திரமன்றி, உள்ளதை இல்லை என்றலும் நேர்ந்துள்ளது. 2020 மார்ச்சில் விண்டோஸ் 10 இல் வெளிப்பட்ட பிழையொன்றினால், பதிலிச் சேவையகமோ மெய்நிகர் தனியார் வலையமைப்போ பயன்படுத்திய கணினிகள் சிலவற்றில் இணையம் இல்லை எனக் குறி காட்டிற்று. குறியை நம்பிய மென்பொருள்கள் சில, வழி திறந்திருந்தும் இணைய மறுத்தன. உலகத்தார் பெருந்தொற்றுக்கு அஞ்சி வீட்டிலிருந்தே பணிபுரியத் தொடங்கிய மாதம் அது! மாத இறுதியில் மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. எனவே குறி "இல்லை" என்றது கொண்டு முயற்சியையே கைவிடும் செய்நிரலைக் குறியை நம்பி ஏமாறும் செய்நிரலிலும் மோசமானதாகவே நான் கருதுவேன். முன்னது ஒருமுறை வாயிலைத் தட்டவும் மாட்டாது.

சால்ட்சர், ரீட், கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 1984 இல் வெளியிட்ட கட்டுரையொன்று இங்கு நினைவுகூரற்பாலது. ஒரு செய்தி சரியாகச் சேர்ந்தது என்னும் உறுதியை இரு முனைகளிலும் உள்ள செய்நிரல்களே தம்முட் பெற இயலும். இடைநின்ற அமைப்புகள் தரும் உறுதி துணையாகுமேயன்றி முழுமையாகாது என்பது அதன் சாரம். இதனை ஏற்பின், "இணையம் உண்டா?" என முன்கூட்டி வினவுதலை விடுத்து, அனுப்ப வேண்டியதை அனுப்பி, மறுமுனையின் ஒப்புகைக்குக் காத்திருத்தலே நெறியாகும். முன்கூட்டி வினவி "உண்டு" எனப் பெற்றாலும், அடுத்த நொடியிலேயே மின்சாரம் தடைப்பட்டு ரவுட்டர் அணையலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, எழுதுவினைஞர் பதியும் ஒவ்வொரு விவரமும் முதலிற் கணினியின் வட்டிலேயே பத்திரமாக எழுதப்படல் வேண்டும். பின்னரே அனுப்புதல். காத்திருப்புக்கு எல்லையும் செய்நிரலே வகுத்தல் வேண்டும். ஏனெனில் இறந்துபோன இணைப்பை முறைமை தானாகவே சோதிக்கும் வழக்கமான இடைவெளி இரண்டு மணித்தியாலம். ஒப்புகை வந்தபின்னரே அவ்விவரம் "சேர்ந்தது" எனக் குறிக்கப்படும். விவரம் சேர்ந்து ஒப்புகை மட்டும் வழியில் தவறுதலும் உண்டு. அப்பொழுது மீண்டும் அனுப்பினால் ஒரே மாணவன் இருமுறை பதியப்படுவான். பதிவுத் தபாலுக்கு இலக்கம் இடுவதுபோல ஒவ்வொரு விவரத்திற்கும் தனி இலக்கம் இட்டு, அதே இலக்கம் மறுமுறை வந்தாற் சேவையகம் ஒப்புகையை மாத்திரம் திருப்பி அனுப்புமாறு செய்தல் இதற்குப் பரிகாரமாம்.

திரையிற் காட்ட வேண்டியதும் பச்சைக் குறியன்று. "இறுதியாக ஒப்புகை பெற்றது பி.ப. 3.42, இன்னும் சேராதவை 7" என்னும் ஒரு வரி எழுதுவினைஞரை இருக்கையில் இருத்தும். முறைமை தரும் இணைப்புச் செய்தியை முற்றாகத் தள்ள வேண்டுவதுமில்லை. தொடர்பு மீண்டது என அது அறிவிக்கும் கணமே மறுமுயற்சிக்கு ஏற்ற கணமாகும். ஆயின், மின்வெட்டு நீங்கியவுடன் நூற்றுக்கணக்கான பாடசாலைக் கணினிகள் ஒரே நொடியிற் சேவையகத்தின் வாயிலைத் தட்டுமாயின் அது திணறி வீழும். அதனால் ஒவ்வொரு செய்நிரலும் தன்போக்கிற் சிறிது தாமதித்துத் தட்டுதல் வேண்டும். முயற்சி தவறுந்தோறும் தாமதத்தை இரட்டித்துக்கொள்ளுதல் வேண்டும். 1970களில் ஈதர்நெட் கம்பியில் மோதல்களைத் தவிர்க்கக் கையாளப்பட்ட முறையும் இதுவே.