கொட்டியாரத்து ஊர்கள் – 9: வாய்க்கால் ஓடும் வழியில் காவல்

நெல் பால் பிடிக்கும் காலம் வந்துவிட்டால், தோப்பூர்ப் பக்கத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகு கைபேசிக்கு வரும் செய்தி பெரும்பாலும் யானையைப் பற்றியதாகவே இருக்கும். "வட்டைப் பக்கத்தால ரெண்டு ஆனை ஏறிட்டு. சுபஹுக்குப் போறவங்க டோர்ச் இல்லாம வெளிக்கிட வேணாம்" என்கிற மாதிரி ஒரு குரல் பதிவு. ஒருவர் அதைப் போடுவார், பத்துப் பேர் தத்தம் தெருக் குழுவுக்கு அனுப்புவார்கள், கொஞ்ச நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். கைபேசி பார்க்காத முதியவர்களுக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது.

சுபஹுத் தொழுகை நேரத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவு முழுக்க வயலில் மேய்ந்த யானை, கிழக்கு வெளுக்கும் முன் காட்டுக்குத் திரும்பும். பள்ளிக்குப் போகிறவர், வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர், இடியப்பம் அவித்து விற்கும் பெண், முதல் பஸ்ஸைப் பிடிக்க நிற்பவர் எல்லோரும் வீட்டைவிட்டு இறங்குவதும் அதே நேரத்தில்தான். மனிதனும் யானையும் எதிர்பாராமல் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது நடுச்சாமத்தைவிட இந்த அரைவெளிச்சத்தில்தான் அதிகம். இதைத் தோப்பூர் மக்களுக்கு எந்தத் திணைக்களமும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரியும் கொட்டியாரக்குடாவின் உட்புறத்தில், மூதூர்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கிறது தோப்பூர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அயலில் பள்ளிக்குடியிருப்பு போன்ற தமிழ்க் கிராமங்கள். தெற்கே போனால் சேருவிலப் பக்கத்துச் சிங்களக் குடியிருப்புகள், அதற்கப்பால் ஈச்சிலம்பற்றும் வெருகலும். இவற்றுக்கு நடுவே அல்லைக் குடியேற்றத் திட்டத்தின் வயல்கள். வயலுக்கு அந்தப் புறம் சேருவில – அல்லை சரணாலயம், அதைத் தொட்டு மகாவலியின் வெள்ளச் சமவெளியும் சோமாவதிக் காடும். யானைக்கு இது புது வழியல்ல. அதன் வழியில் நெல் விளைய ஆரம்பித்து மூன்று தலைமுறைதான் ஆகிறது.

இந்த ஊரின் பாதுகாப்பை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், காகிதத்தில் ஒரு பதில் இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒவ்வொன்றிலும் பொலிஸாரின் கீழ் ஒரு சிவில் பாதுகாப்புக் குழு. மதத் தலைவர்கள், வியாபாரிகள், விதானையார், ஊருக்குப் பொறுப்பான பொலிஸ் உத்தியோகத்தர் என்று அதில் ஆட்கள். திருட்டு, போதைப்பொருள், மண் கடத்தல், வீதி விபத்து எல்லாம் அங்கே பேசப்பட வேண்டியவை. ஆனால் கிராமத்தில் உண்மையாக வேலை செய்வது இன்னொரு வரிசை. பள்ளிவாசல் நிர்வாக சபை, ஜனாஸா நலன்புரிச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம். ஒரு மையத்து விழுந்தால் கபுறு வெட்டுவதும், வெள்ளம் வந்தால் பாடசாலைக்குள் அடுப்பு மூட்டுவதும், எரியாத தெருவிளக்குக்காகப் பிரதேச சபை வாசலில் போய் நிற்பதும் இவர்கள்தான். சம்பளம் கிடையாது, கைச்செலவு வேறு போகும்.

இவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. அதனாலேயே இவர்களால் முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் மின்வேலியைப் பார்ப்போம்.

யானை வேலியில் ஓடும் மின்சாரம் வீட்டு மின்சாரம் அல்ல. சூரியத் தகடு ஒரு பெற்றரியை ஏற்றும், பெற்றரி ஒரு பெட்டிக்கு மின் கொடுக்கும், அந்தப் பெட்டி ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை கம்பிக்குள் அடி ஒன்றை அனுப்பும். அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் கண் இமைக்கும் நேரம்கூட அது நிற்பதில்லை. யானைக்கு வலிக்கும், சாகாது. கம்பியைத் தொட்டபடி ஒரு பச்சைக் கொடி படர்ந்தால் போதும், அந்த அடி கொடி வழியாக மண்ணில் இறங்கிவிடும். மாரியில் இரண்டு கிழமை புல் வெட்டாமல் விட்டால் வேலி செத்துப்போகும். யானை இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். மின் ஏறாத மரக்கட்டையைக் காலால் சாய்த்து வேலியைப் படுக்க வைத்துவிட்டு உள்ளே வரப் பழகிய கொம்பன்களும் உண்டு.

ஆகவே வேலியின் உயிர், புல் வெட்டுகிற கையில் இருக்கிறது. நாடு முழுவதும் 4,000 கிலோமீற்றருக்கு மேல் மின்வேலி அடித்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வனஜீவராசிகள் திணைக்களத்தின் காடு எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் இருக்கிறதோ அந்தக் கோட்டில் போடப்பட்டது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் யானை இருந்தது. நாடளாவிய ஓர் ஆய்வு சொன்னபடி, இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் கிட்டத்தட்ட 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். காட்டைச் சுற்றி வேலி போட்டு யானையை உள்ளே வைத்துவிடலாம் என்ற கணக்கு அங்கேயே பிழைத்துவிட்டது.

குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பக்கத்தில் 2013 அளவில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். யானைகளை நெடுங்காலம் ஆய்ந்துவரும் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவின் குழுவும் விவசாயிகளும் சேர்ந்து செய்த வேலை அது. வேலி காட்டைச் சுற்றியல்ல, ஊரைச் சுற்றி. வயலுக்கு வேறொரு வேலி, விதைக்கும்போது ஊன்றி, அறுவடை முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுவது. அறுத்த வயலில் தாளடியைத் தின்றுவிட்டு யானை தன்பாட்டுக்குப் போகும். புல் வெட்டுவது ஊர்க்காரன், காசு போடுவதும் ஊர்க்காரன். தன் வீட்டைச் சுற்றிய வேலி என்பதால் அதைச் சாகவிடமாட்டான். 2020 இல் அதே பெர்னாண்டோ தலைமையில் ஒரு ஜனாதிபதிக் குழு அமைந்து, இந்த முறையை நடுவில் வைத்து ஒரு தேசியத் திட்டத்தையும் எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்த வேகத்தில் எதுவும் நடக்கவில்லை. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 150 க்கு மேற்பட்ட மனிதர்களும் 450 க்கு மேற்பட்ட யானைகளும் நாட்டில் செத்திருக்கிறார்கள். மனிதரையும் யானையையும் ஒரே வினைச்சொல்லில் எழுதுவது எனக்குப் பிழையாகப் படவில்லை.

மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலியில் கொளுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம் மட்டுமல்ல, கொலைக்கருவி. யானைக்கு வைத்த கம்பியில் அயல்வீட்டுப் பிள்ளை சிக்கிய கதைகள் எத்தனை மாவட்டத்தில் நடந்திருக்கின்றன! ஊர்ச்சங்கங்கள் இதில் ஒருவருக்கும் முகம் பார்க்கக் கூடாது.

கல்கமுவ முறையை அப்படியே தோப்பூருக்குக் கொண்டுவரலாமா? ஒரு தடை இருக்கிறது, அதைப் பொதுக்கூட்டங்களில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கல்கமுவவில் ஒரு வேலிக்குள் ஒரே ஊர்க்காரர். இங்கே ஒரு வாய்க்காலின் இரு கரையிலும் மூன்று சமூகங்கள். தோப்பூரின் வட்ஸ்அப் செய்தி பள்ளிக்குடியிருப்புக்குப் போவது அருமை, சேருவிலப் பக்கத்துக்குப் போவதே இல்லை. அங்கே சிங்களத்தில் ஒரு குழு, இங்கே தமிழில் இரண்டு. ஒரு ஊரில் யானை வெடி கொளுத்தினால் யானை அடுத்த ஊருக்குத்தான் ஓடும். காலையில் அந்த ஊர்க்காரர் "வேண்டுமென்றே எங்கள் பக்கம் விரட்டிவிட்டார்கள்" என்பார்கள். பழைய காயம் இருக்கும் நிலத்தில் இந்த ஒரு வசனம் எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

காயம் பழையது என்றாலும் ஆழமானது. 2006 ஜூலையில் இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மாவிலாற்று மதகு மூடப்பட்டதும், அதைத் தொட்டு யுத்தம் மறுபடி மூண்டதும் இந்த மண்ணில்தான். ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூரும் தோப்பூரும் வெறுமையாயின. முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகக் கந்தளாய்க்கு நடந்தார்கள், பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் கிடந்தார்கள். ஓகஸ்ட் 4 அன்று மூதூரில் பட்டினிக்கு எதிரான அமைப்பின் பணியாளர்கள் பதினேழு பேர் கொல்லப்பட்டார்கள். சம்பூர், ஈச்சிலம்பற்றுத் தமிழ் மக்கள் அதே ஆண்டில் ஊரைவிட்டு வாகரை வழியாக ஓடினார்கள். சேருவிலப் பக்கத்துச் சிங்கள விவசாயியின் வயல் தண்ணீரின்றி வெடித்தது. மூன்று பேரிடமும் அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டால் மூன்று கதை சொல்வார்கள், மூன்றும் உண்மை.

ஆனால் ஒன்றை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். யுத்தத்தைத் தொடக்கிவைத்த அதே வாய்க்கால்தான், இந்த மூன்று சமூகமும் இன்றைக்கும் ஒரே மேசையில் உட்காரக் காரணமாகவும் இருக்கிறது. போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தைச் சொல்கிறேன். நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை நிலையம், பிரதேச செயலாளர்கள், எல்லாப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகளும் அங்கே வரும். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, எத்தனை மாத நெல், மாடுகளை வயலிலிருந்து அகற்றும் திகதி, வேலி அடைக்கும் திகதி எல்லாம் அங்கே முடிவாகும். சத்தம் போடுவார்கள், மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் எழும்புவார், கடைசியில் கை உயர்த்தி முடிவெடுப்பார்கள். மீறினால் தண்டம். தண்ணீர் விஷயத்தில் அடுத்த ஊர்க்காரனை நம்பித்தான் ஆக வேண்டும் என்று கமக்காரனுக்குத் தெரியும். மேல்வாய்க்காலில் ஒருவன் மடையை இரவில் திறந்தால் கீழ்வாய்க்கால் காய்ந்துவிடும்.

வெள்ளமும் அப்படித்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை கொட்டித் தீர்த்தபோது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. 2006 இல் வராத தண்ணீருக்காகச் சண்டை நடந்த இடத்தில், இந்தத் தடவை தண்ணீர் வந்து எல்லோரையும் ஒன்றாகக் கிளப்பியது. அது சேருவில, ஈச்சிலம்பற்று, மூதூர் என்று பார்த்து ஏறவில்லை. மேல்பக்கத்துக் கிராமத்தான் கீழ்பக்கத்தானுக்கு முன்கூட்டி ஒரு தொலைபேசி அழைப்புக் கொடுப்பது எத்தனை பெறுமதியானது என்பதை அந்த நாட்களில் மகாவலிக் கரை முழுக்கப் பார்த்தோம்.

இன்னொரு சம்பவத்தையும் இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. 2021 நவம்பர் 23, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணி. பழைய பாலத்தை மாற்றிப் புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. இடைக்காலத்தில் மக்கள் களப்பைக் கடந்தது ஒரு இழுவைப் பாதையில். காலை, பள்ளிக்கூட நேரம். பாதை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு உயிர் போனது, அதில் அதிகமும் பிள்ளைகள். எண்ணிக்கை பிறகு கூடியது. வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பிய பிள்ளையை வெள்ளைத் துணியில் வாங்கிய தாய்மார் கிண்ணியாவில் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பாதையில் தினமும் ஏறிய ஒவ்வொருவருக்கும் அது ஆபத்து என்று தெரியும். ஊருக்குத் தெரிந்திருந்தது, ஊரின் அறிவுக்குக் கட்டுப்பட்டுப் பதில் சொல்ல வேண்டிய ஓர் இடம் இருக்கவில்லை. சங்கங்களால் முடியாது என்று மேலே நான் சொன்னது இதைத்தான். சங்கம் கண்டு சொல்லும். கேட்டு, எழுதி, திகதி போட்டு, செய்யாவிட்டால் தண்டம் கட்டும் நிலையில் ஒருவர் எதிரே இருந்தால்தான் சொன்னதற்குப் பலன்.

அந்த நிலை ஆரம்பக் கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே முடிவாகும் திகதிக்குச் சட்ட வலு உண்டு. தோப்பூரின் சிவில் பாதுகாப்புக் குழு, பள்ளிக்குடியிருப்பினுடையது, சேருவிலப் பக்கத்தினுடையது ஆகிய மூன்றையும், கூடவே வனஜீவராசிகள் அலுவலரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லி மாவட்ட செயலகத்திடம் கேட்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு கடிதம் போதும். மாடு அகற்றும் திகதிக்குக் கீழே, வயல்வேலி ஊன்றும் திகதியும் கழற்றும் திகதியும் ஒரு வரி. எந்தத் துண்டு வேலிக்கு எந்தக் கமக்காரர் அமைப்பு புல் வெட்டும் என்று ஒரு வரி. யானை வெடி கொளுத்துமுன் அடுத்த வட்டைக்கு யார் அழைப்பெடுப்பது, இரண்டு மொழியும் பேசும் அந்த ஆள் யார் என்று இன்னொரு வரி. அப்படிப்பட்ட ஆட்களுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. சேருவிலச் சந்தையில் மரக்கறி விற்கும் தோப்பூர்க்காரரும், தோப்பூர்க் கடையில் கடன் கொப்பி வைத்திருக்கும் சிங்கள விவசாயியும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்.

மாதர் சங்கங்களையும் மறக்காமல் அழைக்க வேண்டும். கமக்காரர் அமைப்பில் நிலம் உள்ள ஆணின் பெயர்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் புருஷன் கட்டாரிலோ குவைத்திலோ இருக்க, அதிகாலையில் பிள்ளைகளோடு தனியே கதவு திறக்கிறவள் பெண். எந்த ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை, எந்த மதிலை யானை தள்ளியது, எந்த மூலையில் இளைஞர்கள் போதை வாங்க நிற்கிறார்கள் என்பதெல்லாம் குழுக் கூட்டத்தில் பேசும் ஆண்களைவிட அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

பெரும்போகக் கூட்டம் மழைக்கு முன் கூடும். ஒக்டோபருக்குள் விதைப்பு தொடங்கிவிடும், தை மாதம் கதிர் முற்றும். கடிதம் எழுதுகிறவர்கள் ஓகஸ்ட் மாதத்திலேயே எழுத வேண்டும், மூன்று சமூகத்துச் சங்கங்களின் முத்திரையும் ஒரே தாளில் விழ வேண்டும். மூன்று முத்திரை உள்ள கடிதத்தைக் கோப்புக்குள் தள்ளி மூடுவது எந்த அதிகாரிக்கும் இலகுவல்ல.

(தொடரும்)