ஊர் சுற்ற பதுளை போதாதா?

லீவு கிடைத்தால் தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டாளிகளோடு கொழும்புக்கே கிளம்புகிறார்கள். ஆனால், பக்கத்திலிருக்கும் பதுளையே ஒரு நாளை நிறைக்கும். 1924இல் திறக்கப்பட்ட மலையக ரயில் பாதையின் கடைசி நிலையம், பழைமையான முதியங்கனை விகாரை, மஹியங்கனை வீதியில் சுமார் 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி எல்லாம் இங்கே அருகருகேதான் உள்ளன. கொழும்பின் காலிமுகத்திடலும் கடலும் இங்கே இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால், கொழும்புக்குப் போகும் பயணமே பகலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கையிலுள்ள காசும் பஸ்ஸுக்கே போய்விடும். அதே காசில் இங்கே எல்லோரும் கொத்து ரொட்டி சாப்பிட்டு, பிளேன்டீயும் குடிக்கலாம்; அந்தப் பணம் நம்மூர்க் கடைக்காரருக்கே போய்ச் சேரும். அடுத்த லீவில் முதலில் பதுளையைச் சுற்றிப் பாருங்கள். கடும் மழை நாளில் மட்டும் நீர்வீழ்ச்சிப் பக்கம் போகாதீர்கள்.