தூசிக்கு ஒரு தும்பிக்கை!

ரிட்டயர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் சாம்பாரில் குற்றம் கண்டுபிடிப்பார்கள். என் சித்தப்பா தச்சு வேலையில் இறங்கிவிட்டார்! குரோம்பேட்டை வீட்டில் கார் ஷெட் உண்டு, கார்தான் கிடையாது. ரம்பம், இழைப்பு மெஷின், உப்புத்தாள் தேய்க்கிற சாண்டர் என்று மூன்று பேர் அங்கே குடியேறினார்கள்.

விளைவு? சித்தியின் இட்லி மாவில்கூடத் தேக்கு வாசனை! அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பேரனுக்கு வீஸிங் தொந்தரவு. “மெஷின் ஓடினாலே குழந்தைக்கு இழுக்குது. ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்லே நாங்க இருக்கணும்” என்று சித்தி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

சித்தி சொன்னதில் விஷயம் இருக்கிறது. தரையில் விழுகிற சீவல் சாது. பெருக்கித் தள்ளிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற நுண்பொடிதான் நுரையீரல் வரை விசாரிக்கப் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூளை 1995-லேயே சேர்த்துவிட்டது.

சித்தப்பா தூசி உறிஞ்சும் மெஷின் வாங்கினார். அதற்கும் மற்ற மூன்றுக்கும் நடுவே பைப் போட பிளம்பர் வந்தார். “தண்ணி பைப் மாதிரிதானே ஸார்? ரெண்டு மணி நேர வேலை!”

அங்கேதான் சிக்கலே. தண்ணீரை எப்படி வளைத்தாலும் முனகிக்கொண்டாவது வந்து சேரும். மரத்தூளைக் காற்று இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், அதுவும் நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில். 4 இன்ச் பைப்பில் அந்த வேகம் வர நிமிடத்துக்கு 350 கன அடி காற்று போதும். 6 இன்ச் என்றால் 785 வேண்டும். மோட்டாருக்குத் தெம்பிருந்தால் பெரிய பைப் உத்தமம். இல்லாவிட்டால் தூள் நடுவழியில் படுத்துவிடும். பி.காம். மூளைக்கு இது சட்டென்று புரிந்தது: முதலுக்கு மீறிக் கடை விரித்த கதை!

பிளம்பர் 90 டிகிரி எல்போவை எடுத்தார். “வேணாம்ப்பா. ரெண்டு 45 டிகிரி போடு” என்றார் சித்தப்பா. கிளை பிரிகிற இடத்தில் ‘டீ’ கூடாதாம், ‘ஒய்’தானாம். அதுவும் காற்று போகிற திசையில் சாய்ந்திருக்க வேண்டுமாம். மடங்குகிற ஹோஸ் கடைசி இரண்டடிக்கு மட்டும்; அதன் உள்ளே இருக்கிற வரி காற்றைத் தடுக்கும். அடைத்துக்கொண்டால் கழற்ற வேண்டுமே என்று பசைக்குப் பதில் ஸ்க்ரூவும் டேப்பும்.

“முப்பது வருஷமா பைப் போடறேன்...” என்று ரோஷப்பட்ட பிளம்பர், “சரி, உங்க வீடு, உங்க காத்து!” என்று வழிக்கு வந்தார்.

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தள்ளுகதவு. ஓடுகிற மெஷினுக்கு மட்டும் திறப்பு, மற்றவர்களுக்குக் கதவடைப்பு. முதல் நாள் பிளாஸ்டிக் பைப்பைத் தொட்டவருக்குச் ‘சுளீர்’! தூள் உரசி உண்டான மின்சாரம். செம்புக் கம்பி சுற்றி எர்த் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, உறிஞ்சும் மெஷினையே ஷெட்டுக்கு வெளியே, குழந்தை படுக்கிற அறைக்கு எதிர்ப்பக்கம் வைத்ததுதான். துணிப்பை பெரிய தூளைப் பிடிக்கும், நுண்பொடியைக் கசியவிடும். ஷெட்டுக்குள் வைத்தால் அறை முழுக்கப் பொடியைத் தூவுகிற மெஷின் ஆகிவிடும்! அப்படியும் சாண்டர் ஓடும்போது சித்தப்பா மாஸ்க்கைக் கழற்றுவதில்லை.

சித்தி பூஜை அறைக்கு ஒரு மனை கேட்டிருக்கிறாள். பிளம்பர் மூன்று நாள் கூலிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மேலே தலைப்பு: ‘காத்து பைப்’.