சங்கத்தின் கணக்கு அலமாரி: ஒட்டுப்பலகைக்கு ஏற்ற பொருத்து எது?

1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர்ச் சங்கம் தோன்றியது. அன்று தொட்டு, கடனைத் தீர்த்த அங்கத்தினர் தாம் தீர்த்ததை மெய்ப்பிக்க நாடுவது சங்கத்தின் பேரேட்டையே. தொடக்க வேளாண்மைச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை 2022-இல் மத்திய அரசு அங்கீகரித்தது. எனினும், கையொப்பமிட்ட கடன் பத்திரமும் பழைய பேரேடும் காகிதமாகவே காக்கப்பட வேண்டியவை. அவை ஈரத்தாலோ கறையானாலோ கெட்டுப்போனால் நஷ்டம் அங்கத்தினருக்கே.

இரும்புப் பீரோ வாங்கப் பொருள் போதாத சங்கத்தார் ஒட்டுப்பலகையால் அலமாரி செய்துகொள்ளலாம். (ஈட்டு நகைகளை அதில் வைத்தலாகாது, அவற்றுக்கு இரும்புப் பெட்டகமே தகும்.) பலகையின் விலையைப் பற்றி நெடுநேரம் யோசிக்கும் பஞ்சாயத்தார், பலகைகளை ஒன்றோடொன்று எவ்வாறு இணைப்பது என்பதைப் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. அலமாரி ஆடுவதும் சரிவதும் பொருத்திலேயே தொடங்குகின்றன.

திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஓடும் பெரிய தேரைக் காணாதவர் இப்பக்கத்தில் இரார். தேர் வேலையில் கனமரத்தில் துளையிட்டு, மற்றொரு மரத்தின் கழுந்தை அதில் செருகிப் பிணைப்பது தொன்றுதொட்ட முறை. அங்கே மரத்தின் நார் கழுந்தின் முழு நீளத்திலும் ஓடுவதால் அது வலிமை பெறுகிறது. ஒட்டுப்பலகையின் அமைப்பு வேறு. மெல்லிய மரத்தகடுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஒன்றன் நாருக்கு மற்றொன்றன் நார் குறுக்காக அமையுமாறு ஒட்டி அது செய்யப்படுகிறது. அதில் சிறு கழுந்தோ புறாவால் பொருத்தோ செதுக்கினால், குறுக்கே ஓடும் தகடுகள் உதிர்ந்துவிடும். பார்வைக்கு அழகாயிருப்பினும் கூலியும் நேரமும் வீண்.

மற்றொரு பக்கத்தில், பலகைகளை வெறுமனே முட்டவைத்து ஆணி அறைவது மிக மலிவான முறை. ஆனால் பலகையின் விளிம்பில் இறங்கும் ஆணி தகடுகளைப் பிளந்துகொண்டு போகிறது. பாரம் ஏறினால் மெல்லக் கழன்றுவிடும். மூன்றடி நீளத் தட்டில் பேரேடுகளை நெருக்கி அடுக்கினால் ஏறத்தாழ 40 கிலோகிராம் பாரம் ஏறும். அதனை இரண்டு ஆணிகளிடம் ஒப்படைத்தல் விவேகமன்று.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காடிப் பொருத்தே சங்கங்களுக்கு உகந்தது. பக்கப் பலகை 18 மில்லிமீட்டர் கனமாயின், அதில் 6 மில்லிமீட்டர் ஆழத்திற்குக் காடி எடுத்து, தட்டின் முனையை அதனுள் பசையிட்டு அமர்த்த வேண்டும். அப்போது பாரத்தைக் காடியின் உதடே தாங்கும்; திருகாணி பிடித்து நிறுத்தும் வேலையை மட்டும் செய்யும். காடியின் அகலத்தைக் கடைக்காரர் சொல்லும் கனத்தைக் கொண்டு குறிக்கலாகாது. பலகை சொன்ன கனத்தைவிடச் சற்று மெலிந்திருப்பதுண்டு. ஆகையால் பலகைத் துண்டையே வைத்து அளவு குறித்தல் வேண்டும். மேல்தகடு சிதறாதிருக்க முதலில் கத்தியால் கோடு கீறிக்கொள்வது நலம். திருகாணி 50 மில்லிமீட்டர் நீளமிருக்கட்டும். மெல்லிய துளையிட்ட பிறகே அதனைச் செலுத்த வேண்டும்.

காடி எடுக்கத் தக்க கருவி தச்சரிடம் இல்லையாயின், தட்டின் கீழே ஓரங்குலக் கனமரச் சட்டத்தைப் பக்கப் பலகையின் முகத்தோடு பசையும் திருகாணியும் இட்டுப் பிணைக்கலாம். முகத்தில் இறங்கும் திருகாணி விளிம்பில் இறங்குவதைவிட நன்றாகப் பிடிக்கும். வாடகைக் கட்டடத்தில் உள்ள சங்கத்துக்கு இது காடியினும் மேலென்றே கூறலாம். பசையிடாமல் திருகாணி மட்டும் இட்டால், இடம் மாறும்போது கழற்றிக் கொண்டுபோகலாம்.

எப்பொருத்தாயினும் முதுகுப் பலகையின்றி அலமாரி நேராய் நில்லாது. 6 மில்லிமீட்டர்ப் பலகையை நாற்புறமும் பின்விளிம்பில் படிபோல் செதுக்கிய இடத்தில் ஒட்டித் திருகிவிட்டால், அலமாரி பக்கவாட்டில் சாய இடமேயில்லை. கனமரம் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கும். ஒட்டுப்பலகை அவ்வளவாக அசைவதில்லையாதலால் இவ்வாறு இறுக ஒட்டுவதில் கெடுதியில்லை. மூன்றடித் தட்டு நடுவில் தொய்யாதிருக்க, முன்விளிம்பின் கீழ் ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்றையும் ஒட்டுதல் வேண்டும்.

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையின் பசை நீருக்கு இளகாது. ஆனால் பசை நீரைத் தாங்குவது வேறு, கறையான் மரத்தைத் தின்னாதிருப்பது வேறு. ஆகவே கறையானுக்கு மருந்தூட்டிய பலகையா என்று தனியே கேட்டறிதல் அவசியம். அறுத்த விளிம்புகள் யாவற்றுக்கும் வர்ணம் பூசி, அலமாரியைத் தரையினின்று நான்கங்குலம் உயர்த்தி, சுவரைத் தொடாமல் நிறுத்துக.

தச்சருடன் பேசும் எஸ்டிமேட்டில் “அலமாரி ஒன்று” என்று மட்டும் எழுதாமல், காடியின் ஆழம், திருகாணியின் நீளம், முதுகுப் பலகையின் கனம் ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். பசையிடுமுன் ஒருமுறை வெறுமனே கோத்துக் காட்டும்படி கேட்பது சங்கத்தின் உரிமை; மெருகு ஏறியபின் காடி உள்ளதா இல்லையா என்று எவராலும் காண முடியாது. அப்போதே மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்கலாம். இரண்டு அளவும் ஒத்திருந்தால் பசையிடச் சொல்லலாம்.