சக்கரம் சுழன்றால்தான் சம்பளம்

தோட்டங்களில் எத்தனையோ இயந்திரங்கள் வந்துவிட்டன. குலைகளை அள்ளிப் போடும் சிறு டிராக்டர் வந்துவிட்டது; மோட்டார் பூட்டிய தள்ளுவண்டியும் வந்துவிட்டது. ஆனாலும் மேடும் பள்ளமுமான நிரைகளிலும், கால் புதையும் சேற்று நிலத்திலும், சிறுதோட்டக்காரர்களின் நாலைந்து ஏக்கரிலும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பது ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிதான். மலாய்க்காரர்கள் இதைக் 'கெரேத்தா சோரோங்' என்பார்கள்.

ஆயர் ஈத்தாம் நாற்சந்தியில் நின்று கிழக்கே போனால் குளுவாங், மேற்கே போனால் பத்து பகாட். எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் செம்பனைதான். அந்த மரங்களுக்கு நடுவே ஒரு வண்டியின் சக்கரம் காற்றிறங்கி நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வெட்டிய குலை நிரையிலேயே கிடக்கும். ஏறக்குறைய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாத பழத்தில் புளிப்பு ஏறி எண்ணெயின் தரம் குறையும். குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அன்றைய வரும்படியும் குறையும். அதை ஈடுகட்ட வீட்டிலிருந்து இன்னும் இரண்டு கைகள் வரவேண்டும். பெரும்பாலும் அவை மனைவியின் கைகள். பள்ளி விடுமுறையானால் பிள்ளையின் கைகள். விடுமுறை முடிந்து வரும் பையன், எழுதுகோலைப் பிடிக்க முடியாமல் கொப்புளித்த உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டதுண்டு. ஆகவே சக்கரத்தின் கதை, வகுப்பறையின் கதையும்தான்.

குலை கனத்த கதை

இன்றைய குலை, நம் பெற்றோர் காலத்துக் குலையைவிட நிறைவானது. 1981ஆம் ஆண்டுக்கு முன்பு பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டியிருந்தது. பெண்கள் பலர் அந்த வேலையைச் செய்தார்கள். அந்த ஆண்டில் ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞரின் ஆராய்ச்சியைக் கொண்டு, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கொண்டுவந்து, நமக்குப் பக்கத்திலுள்ள குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் விட்டார்கள். வண்டு பூவுக்குப் பூ பறந்தது; குலையில் பழம் நெருங்கிப் பிடித்தது; எடையும் கூடியது. முதிர்ந்த மரத்தின் குலை பதினைந்து, இருபது கிலோவுக்குக் குறையாமல் இருப்பது சாதாரணம். எட்டுக் குலை ஏற்றினால் நூற்றைம்பது கிலோ ஆகிவிடும். இத்தனையையும் தாங்குவது ஒரே ஒரு சக்கரம்.

பாரம் எங்கே இருக்கிறது?

தள்ளுவண்டி ஒரு நெம்புகோல். சக்கரத்தின் அச்சு அதன் ஊன்றுபுள்ளி, நடுவிலே பாரம், கடைசியில் நம் கைகள். ஒரு கணக்குப் பார்ப்போம். பாரம் 120 கிலோ. அது அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கைப்பிடி 120 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைகள் தூக்க வேண்டியது 40 கிலோ. அதே பாரத்தைச் சற்று முன்னே தள்ளி, அச்சிலிருந்து 30 சென்டிமீட்டரில் அடுக்கினால் கைக்கு வருவது 30 கிலோதான். செலவில்லாமல் பத்துக் கிலோ குறைந்தது! கனத்த குலையைச் சக்கரத்துப் பக்கமும் உதிரிப் பழத்தைக் கைப்பக்கமும் வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் முன்னே போன பாரமெல்லாம் சக்கரத்தின் தலையில்தான் விழும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். காற்றில்லாத சக்கரமும் அப்படித்தான். டயர் மண்ணில் அமுங்கும்; தள்ளுகிறவர் முதுகை வளைத்து முட்டுக்கொடுப்பார். மாதக் கணக்கில் இப்படித் தள்ளினால் இடுப்புவலி குடிவந்துவிடும்.

கழற்றும் முறை

செம்பனைத் தோட்டத்தில் சக்கரத்துக்குப் பெரிய எதிரி மட்டையின் முள். பஞ்சரானால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் வண்டியைக் கவிழ்த்துப் போடுங்கள். அச்சைப் பிடித்திருக்கும் நட்டு துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் வால்வின் உள்ளிருக்கும் ஊசியை எடுத்துக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். இதை மறக்கவே கூடாது. பல தள்ளுவண்டிகளின் ரிம் இரண்டு தகடுகளை நட்டால் சேர்த்துச் செய்தது. உள்ளே காற்றிருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் தகடு தெறித்து முகத்தைத் தாக்கும்.

டியூபை வெளியே எடுத்து, கொஞ்சம் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசையைப் பூசுங்கள். உடனே ஒட்டாதீர்கள், பசை சற்றுக் காய்ந்து விரலில் ஒட்டாத பதம் வந்தபின் ஒட்டுத்துண்டை அழுத்துங்கள்.

அடுத்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் சுற்றிவரத் துடைத்துப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் முள் விரலில் ஏறும். முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் அடுத்த நடையிலேயே மறுபடி பஞ்சர்தான்.

திரும்பப் பூட்டும்போது டியூபில் சிறிது காற்றடித்து முறுக்கில்லாமல் உள்ளே வையுங்கள். தகடுகளுக்கு நடுவே டியூப் சிக்காமல் பார்த்துக்கொண்டு, எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். காற்றின் அளவு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 30 பவுண்டு அளவில் இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம். காலால் மிதிக்கும் பம்பு போதும். கார் பட்டறையின் காற்றுக் குழாயை அளவு பாராமல் வைத்தால் சிறு டயர் நொடியில் வெடித்துவிடும். காற்றடிக்கும்போது சக்கரத்துக்கு நேரே குனிந்து நிற்காதீர்கள். பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கினால்

டயரில் நூல் தெரிந்தாலோ, பக்கவாட்டில் வெடிப்பு விழுந்தாலோ ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பழைய டயரில் '4.00-8' என்பதுபோல் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு. டியூபும் அதே எண்ணாக இருக்கட்டும். முழுச் சக்கரம் வாங்குவதானால் அச்சின் கனத்தையும், அச்சு நுழையும் குழாயின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய சக்கரத்தையே கடைக்கு எடுத்துப் போவது எல்லாவற்றிலும் நல்லது.

காற்றே வேண்டாத கெட்டிச் சக்கரமும் கிடைக்கிறது. அதற்குப் பஞ்சர் பயமில்லை. ஆனால் கல் சாலையில் அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கு வரும். முள் மட்டை நிறைந்த நிரைக்குக் கெட்டிச் சக்கரம், கல் பாதைக்குக் காற்றுச் சக்கரம் என்று இடம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் அச்சுக்குக் கிரீஸ் தேவை.

யார் தர வேண்டும்?

வண்டி தோட்டத்தினுடையதானால், கெட்ட சக்கரத்தை உங்கள் சொந்தப் பொறுப்பென்று சுமக்காதீர்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலைக்கான கருவிகளை இயன்றவரை ஆபத்தில்லாதபடி கொடுத்துப் பராமரிக்கும் கடமையை முதலாளியிடம் வைக்கிறது. மண்டோரிடம் சொல்லுங்கள், சொன்ன தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையை இரண்டு வரி எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. வண்டி சாய்ந்து அடிபட்டால் அன்றைக்கே அலுவலகத்தில் தெரிவித்துப் பதியச் செய்யுங்கள். பெர்க்கேசோ உதவி கேட்க வேண்டிவந்தால் அந்தப் பதிவுதான் துணைக்கு வரும்.

கழற்றிய டயர்

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றிப் போட்ட டயரைக் கொல்லையில் விடாதீர்கள். ஒரு மழைத் தண்ணீர் போதும், ஏடிஸ் கொசு அதில் முட்டையிட. டெங்கிக் காய்ச்சல் வீட்டுக்கே வந்துவிடும். கொசு வளர விடுவது 1975ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும். எரிப்பதும் வேண்டாம், அந்தக் கரும்புகை நெஞ்சுக்கு ஆகாது. டயரைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். டியூபைப் பட்டையாக வெட்டினால் கட்டுக் கயிறாகப் பயன்படும்.

1888இல் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். அதன்பின் உலகம் கேட்ட கித்தாவைச் சீவிக் கொடுத்தவர்களில் நம் பாட்டன் பாட்டிமார்களும் உண்டு. உலகத்தின் சக்கரத்துக்கு அவர்கள் பால் கொடுத்தார்கள். நம் வீட்டுச் சக்கரத்துக்கு நாம் வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்போம். இந்த வாரமே கட்டை விரலால் டயரை அழுத்திப் பாருங்கள்; உள்ளே போனால் பம்பை எடுங்கள்.